மூன்றாவது ஸ்கேன்

சகாயராஜின் சொந்த ஊர் வள்ளியூருக்குக் கிழக்கே. பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தவன், நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஹெல்ப்பராகச் சேர்ந்து நான்கு வருஷத்தில் ஆபரேட்டர் ஆனான். மேலே நூல் கோன்கள் சுற்ற, கீழே குழாய் மாதிரி துணி இறங்கும் மெஷின் அது. அப்படி மூன்றை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்வான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. இயல்பிலேயே அதிகம் பேசாதவன் என்பதால் அவனுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

அவன் மனைவி ரோஸ்மேரி நேர்மாறு. ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்துப் பழகி, 2001இல் கல்யாணம் முடித்தார்கள். நாள் முழுக்க நடந்ததை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஒன்று விடாமல் சொல்லிவிடுவாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவளுக்குச் சிறு வயதிலேயே தாய் இல்லை. அவன் தாயோ ஊரில் படுத்த படுக்கை. பிரசவம் என்று வந்தால் வந்து நிற்க இரண்டு பக்கமும் ஆள் கிடையாது. அவர்கள் குடியிருந்த, எட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்த லைன் வீட்டின் சொந்தக்காரி சாமியாத்தாள்தான், "அதுக்கென்ன அம்மிணி, நானெல்லாம் இல்லையா" என்று சொல்லியிருந்தாள். ஐம்பது வயதுக்காரி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டு எருமைகளோடு தனியாக இருப்பவள்.

2003 ஜூலையில் ரோஸ்மேரிக்கு ஏழாவது மாதம். கால் வீங்கியது. நாளெல்லாம் மெஷினில் உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தாள். தலைவலி வந்தது. வெயில் என்று நினைத்தாள். ஒரு வியாழக்கிழமை காலையில் கம்பெனியிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆயிரத்து எண்பது கிராம். இருபத்தொன்பது வாரம்தான் ஆகியிருந்தது.

"இந்தக் குழந்தையைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனாத்தான் ஆகும்" என்றார் அங்கிருந்த டாக்டர். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. உள்ளே ரோஸ்மேரிக்கு நினைவு திரும்பவில்லை. யாரோடு இருப்பது என்று தெரியாமல் சகாயராஜ் வராந்தாவில் நின்றான்.

சாமியாத்தாள்தான் அவன் முதுகைத் தள்ளினாள். "நீங்க கொழந்தை கூடப் போங்க தம்பி. அம்மிணிய நான் பாத்துக்கறேனுங்க. போங்க."

அன்றிலிருந்து ஏழு வாரம் அவன் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் வாழ்ந்தான். காலையில் திருப்பூர் வார்டில் ரோஸ்மேரி, அப்புறம் பஸ். பூண்டியில் சிற்பிகள் கல் கொத்தும் சத்தம் ஜன்னல் வழியாக வந்து போகும். அவிநாசி தாண்டினால் தூங்கிவிடுவான். கோயம்புத்தூரில் கண்டக்டர் தட்டி எழுப்புவார்.

அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுப்புலட்சுமி என்றொரு அம்மா. அளவாகப் பேசுவார், பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவார். மூன்றாம் நாள் அவர் ஒரு சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, குழந்தையின் உச்சிக்குழியில் பசை தடவி, ஒரு சிறு கருவியை அதன் மேல் மெதுவாக வைத்தார். சாத்துக்குடி அளவுக்குத்தான் தலை. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"வலிக்குமாம்மா?" என்று கேட்டான் சகாயராஜ்.

"வலிக்காதுங்க. மண்டை எலும்பு இன்னும் சேராம இருக்கற இடம் இது. அது வழியா சத்த அலையை அனுப்பி மூளையைப் பாக்கறோம். ரொம்ப முன்னாடியே பிறக்கற குழந்தைங்களுக்கு உள்ளே ரத்தம் கசியலாம். இப்போதைக்கு ஒண்ணும் தெரியலீங்க. அடுத்த வாரம் ஒரு தடவை, ஒரு மாசம் ஆனதும் ஒரு தடவை பாப்போம்."

அன்று மாலை அவன் திருப்பூருக்குத் திரும்பியபோது ரோஸ்மேரிக்கு நினைவு வந்திருந்தது. பார்வை இன்னும் தெளியவில்லை. அவன் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொண்டாள்.

"பிள்ளை இருக்கா?"

"இருக்கா. பொம்பளப் பிள்ளை. தலையை ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

'இப்போதைக்கு' என்ற சொல்லை அவன் விட்டுவிட்டான். வேண்டுமென்று விடவில்லை. அவள் கிடந்த கிடப்பைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் ரோஸ்மேரி.

"தலை ஸ்கேன் நல்லா இருக்கு."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், ஊசி போட வந்த நர்ஸிடம், சாமியாத்தாளிடம், எல்லோரிடமும் அதையே சொன்னாள். ஒரு வாரம் கழித்து எடுத்த இரண்டாவது ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. அவள் பெற்ற மகளை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் அவளிடம் இருந்தது.

ரோஸ்மேரிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, வீட்டுக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை குழந்தைக்கு எல்லாமே சகாயராஜ்தான். பெட்டியிலிருந்து எடுக்கும் நிலை வந்ததும், குழந்தையைப் பெற்றவர் நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நீளமான ஒரு அறை, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் தாய்மார். கடைசி நாற்காலியில் அவன், சட்டைப் பட்டனை அவிழ்த்துவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு. முதல் நாள் அந்தப் பெண்கள் கூச்சத்தோடு திரும்பிக்கொண்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் அவன் இருப்பது பழகிவிட்டது. ஆனாலும் அவனிடம் யாரும் பேசவில்லை. பால் சுரப்பு, தாய்வீடு, மாமியார் என்று அவர்கள் பேச்சு ஓடும். அவன் குனிந்து தன் நெஞ்சில் கிடந்த தலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். உச்சிக்குழி துடிப்பது தெரியும்.

ஒரு மாதம் ஆனதும் மூன்றாவது ஸ்கேன் எடுத்தார்கள். அன்று டாக்டர் திரையை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். கருவியைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, உக்காந்து பேசலாம்" என்று பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்.

"வீட்ல குழந்தையோட அம்மா எப்படி இருக்காங்க?"

"இன்னும் எந்திரிச்சு நடமாட முடியலம்மா. பிரஷர் முழுசா இறங்கல. மனசு கஷ்டப்படுற மாதிரி எதையும் பேசக்கூடாதுன்னு அங்க சொல்லியிருக்காங்க."

அவர் படத்தை மேசையில் வைத்து ஒரு பேனாவால் காட்டினார். "மூளைக்கு நடுவுல தண்ணி இருக்கற அறை இது. இதுக்கு ஓரமா, ரெண்டு பக்கமும், கறுப்பா சின்னச் சின்னதாத் தெரியுது பாருங்க. இதெல்லாம் ஓட்டை. பிறந்த சமயத்துல அந்த இடத்துக்கு ரத்தம் சரியாப் போகல. அப்பவே தெரியாது. மூணு நாலு வாரம் கழிச்சுத்தான் இப்படித் தெரியும்."

ஓட்டை என்ற சொல் சகாயராஜுக்கு நன்றாகத் தெரிந்த சொல். துணியில் ஓட்டை விழுந்தால் மெஷினை நிறுத்தி, ஊசியை மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள்.

"அதை அடைக்க முடியாதாம்மா?"

"முடியாதுங்க." பேனாவை அந்த ஓரத்திலேயே நகர்த்தினார். "மூளையிலிருந்து காலுக்குப் போற நரம்புங்க இந்த ஓரத்துல இறங்குது. அதனால காலுல இறுக்கம் வர வாய்ப்பிருக்கு. இப்படி ஓட்டை இருக்கற குழந்தைங்கள்ல பாதிக்கு மேல அப்படித்தான் வருது. நடக்கறது தாமதமாகலாம். சில பேருக்கு நடை வராமயே போகலாம். உங்க குழந்தைக்கு எவ்வளவு வரும்னு இந்தப் படம் சொல்லாது. என்னாலயும் சொல்ல முடியாது."

"புத்தி?"

"அதை இதை வச்சு அடிச்சுச் சொல்றவங்களை நம்பாதீங்க. பொறுத்துத்தான் பாக்கணும். ஆனா சும்மா இருந்து பொறுக்கக் கூடாது. வீட்டுக்குப் போனப்புறம் சொன்ன தேதிக்குக் கூட்டிட்டு வரணும். சீக்கிரமே பயிற்சி ஆரம்பிச்சா நல்லது." பிறகு, "அம்மாகிட்ட நான் பேசட்டுங்களா? கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"நானே சொல்லிருதேன்ம்மா" என்றான் சகாயராஜ்.

பஸ்ஸில் அன்று அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ரோஸ்மேரி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாள். தலை சீவி, பவுடர் போட்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"எடை நாப்பது கிராம் கூடியிருக்கு."

அதுவும் உண்மைதான். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். சாமியாத்தாளைக் கூப்பிட்டு, "அக்கா, நாப்பது கிராம்!" என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் கை கால் கழுவப் போனான்.

நாளைக்கும் சொல்லவில்லை.

கடைசிப் பத்து நாள் ரோஸ்மேரியும் கோயம்புத்தூருக்குப் போய் தாய்மார் அறையில் தங்கிப் பால் கொடுத்தாள். டாக்டர் சுப்புலட்சுமி ஒருநாள் சுற்றி வரும்போது அவளிடம், "வீட்டுக்காரர் எல்லா விவரமும் சொன்னாருங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கம்மா, அப்பவே சொல்லிட்டாரு" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள் ரோஸ்மேரி. தைரியமான பெண் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். இது சகாயராஜுக்கு அப்போது தெரியாது.

செப்டம்பரில் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கிலீஷில் எழுதிய ஒரு ஃபைல், படம் போட்ட ஒரு பயிற்சித் தாள், டிசம்பரில் திரும்ப வரவேண்டிய தேதி. மூன்றையும் சகாயராஜ் வாங்கிக்கொண்டான். ஃபைலை டிரங்குப் பெட்டியில் வைத்தான். பயிற்சித் தாளைத் தன் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டான்.

குழந்தைக்கு விண்ணரசி என்று பெயர் வைத்தார்கள். அரசி என்று கூப்பிட்டார்கள். ஞானஸ்நானத்துக்குக் கம்பெனியிலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள். ரோஸ்மேரி ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "ஒரு கிலோவுலதான் பொறந்தா. ஆனா தலை ஸ்கேன்லாம் கிளியர்." ஒவ்வொரு தடவையும் அவள் சகாயராஜைத் திரும்பிப் பார்ப்பாள், சாட்சிக்கு. அவன் தலையாட்டுவான்.

அந்த மாதங்களைப் பற்றி அவன் பின்னால் ஒருமுறை சொன்னான்: "வீட்டுல மூணு பேரு இருந்தோம். நான் மட்டும் வேற வீட்டுல இருந்தேன்." குழந்தை முதன்முதலாகச் சிரித்தபோது ரோஸ்மேரி அழுதாள், சந்தோஷத்தில். அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அதன் கால் விரல்களைப் பார்த்தான். முகம் பார்க்கிறாள், குரல் வந்த பக்கம் திரும்புகிறாள், கைக்கு எட்டியதைப் பிடிக்கிறாள் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் குறித்துக்கொண்டான். துணி மாற்றும்போதெல்லாம் தொடையை மெல்ல விரித்துப் பார்ப்பான். ஒருநாள் சுலபமாக விரிந்ததுபோல இருக்கும். அன்றைக்கெல்லாம் ஸ்கேன்தான் தப்பு என்று நம்புவான். மறுநாள் இறுகியிருக்கும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. யூனிட்டில் மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், சில சமயம் வாய்விட்டே சொல்லிப் பார்ப்பான்: "ரோஸ், பிள்ளை தலையில ஓட்டை இருக்கு." அந்த இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்காது.

டிசம்பர் தேதி வந்தபோது, "பிள்ளைக்குச் சளியா இருக்கு, இந்தப் பனியில அவ்வளவு தூரம் பஸ்ஸுல வேண்டாம். எடை பாக்கத்தானே, இங்கேயே பாத்துக்கலாம்" என்றான். அங்கே போனால் டாக்டர் ரோஸ்மேரியின் எதிரிலேயே பேசிவிடுவார் என்பதுதான் காரணம். ரோஸ்மேரி நம்பினாள். அவன் அதுவரை அவளிடம் பொய் சொன்னதே இல்லை.

ஜனவரியில் அவள் வேலைக்குத் திரும்பினாள். சகாயராஜ் கேட்டு வாங்கி இரவு ஷிஃப்டுக்கு மாறினான். அவன் வந்து படுக்கும் காலை நேரத்தில் சாமியாத்தாள் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். மதியம் அவன் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, பர்ஸிலிருந்த தாளை விரித்து வைத்துக்கொண்டு படத்தில் இருக்கிறபடி குழந்தையின் காலை மடக்கி நீட்டுவான். சரியாகச் செய்கிறோமா என்று தெரியாது. குழந்தை அழுதால் பயந்துபோய் நிறுத்திவிடுவான்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியாத்தாள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மிணி, கொழந்தைக்குக் காலு பிரியவே மாட்டேங்குதே. தூக்கி நிறுத்தினா கத்திரிக்கோலாட்டம் பின்னிக்குது. ஒம்பது மாசமாச்சு, உக்காரவும் காணோம். எதுக்கும் ஒருக்கா கொண்டு போய்க் காட்டிப்போடு கண்ணு."

"முன்னாடியே பொறந்தால்லா அக்கா, எல்லாம் பையத்தான் வரும். தலை ஸ்கேன்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே."

"நல்லாத்தான் இருக்கும். காட்டறதுல என்ன வந்துது?"

உள்ளே பாயில் படுத்திருந்த சகாயராஜுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுந்து வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். அதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கியவன் பதினொரு மணிக்கு விழித்தான். வீடு அமைதியாக இருந்தது. சாமியாத்தாளிடம் கேட்டான்.

"அம்மிணி லீவு போட்டுட்டுக் கொழந்தையக் கூட்டீட்டுக் கோயமுத்தூர் போயிருக்குதுங்க. உங்களை எழுப்ப வேண்டாம்னு சொல்லுச்சு. பாவம், அசந்து தூங்கறாருன்னுச்சு."

டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. ஃபைல் இல்லை.

பின்னாலேயே போகலாமா என்று அவனுக்குத் தோன்றியது. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனான். திரும்பி வந்தான். சோறு வடித்தான், சாப்பிடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ரோஸ்மேரி வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பாயில் கிடத்தினாள், வேர்வையைத் துடைத்தாள், ஃபைலை அவன் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை.

"எப்ப தெரியும்?"

"மூணாவது ஸ்கேன்ல. ஆகஸ்ட்ல."

"எட்டு மாசம்."

"உனக்கு அப்போ பிரஷர்..."

"அப்போ பிரஷர். சரி. அப்புறம்?"

அவன் ஃபைலைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"டாக்டரம்மா என்கிட்ட கேட்டாங்க, வீட்டுக்காரர் சொன்னாரான்னு. நான் பல்லைக் காட்டிக்கிட்டு, சொன்னாருன்னு சொன்னேன். இன்னைக்கு அவங்க, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் டிசம்பர்ல வரலன்னு கேக்காங்க. நான் முழிக்கேன். ஊரு பூராம் ஸ்கேன் கிளியர் ஸ்கேன் கிளியர்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டுனீங்க."

"நீ சந்தோஷமா இருந்த ரோஸ். அதைக் கெடுக்க எனக்கு..."

"அது சந்தோஷமா? ஒண்ணும் தெரியாத பைத்தியக்காரியால்லா இருந்திருக்கேன்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "பிள்ளைக்குக் கால் வராதுங்கறதை நான் தாங்கிக்கிடுவேன். நீங்க என்னை அந்தப் பக்கம் விட்டுட்டு நீங்க மட்டும் இந்தப் பக்கம் இருந்தீங்கல்லா, அதைத்தான் தாங்க முடியல."

அடுத்த வாரம் சகாயராஜ் தனியாக டாக்டரைப் போய்ப் பார்த்தான். அவன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டிசம்பரிலேயே வந்திருந்தால் கால் சரியாகியிருக்குமா?

டாக்டர் சுப்புலட்சுமி பேனாவை மூடி வைத்தார். "நீங்க வராததால இது வரலீங்க. இது அந்தப் படத்துலயே இருந்துது. ஆனா நீங்க வந்திருந்தா இறுக்கம் கொஞ்சம் குறைவா இருந்திருக்கலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது." பிறகு, "அவங்ககிட்டயும் நான் ஒரு தடவை நேராப் பேசியிருக்கணும். சொன்னாரான்னு கேட்டதோட விட்டுட்டேன்" என்றார்.

ரோஸ்மேரி வேலையை விட்டாள். வாரம் இரண்டு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்குப் போனாள். வீட்டில் மூன்று வேளையும் அவளே காலை நீவிப் பயிற்சி கொடுத்தாள். ஒருநாள் சகாயராஜ் உதவப் போனபோது, "வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பேசுவது நின்றுபோயிற்று. அன்றைக்கு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் போயிற்று. அவள் பேச்சு இல்லாத வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. யூனிட்டின் இரைச்சலுக்குள் போய் நின்றால்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. குழந்தை கனம் கூடியதால், அவளால் தனியாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. வியாழக்கிழமைகளில் அவனும் கூடப் போனான். பயிற்சி அறைக்குள் ரோஸ்மேரி போவாள். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போது ஓர் இளம் ஆள் ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நல்ல சட்டை, கையில் தங்கச் செயின். பேர் தரணீதரன் என்றான். பல்லடம் பக்கம் தோட்டம், சொந்தமாகக் கார்மென்ட்ஸ்.

"ஏனுங்க, உங்க கொழந்தைக்கும் இங்கதானுங்களா பாக்கறீங்க?"

"ஆமாங்க. பொம்பளப் பிள்ளை. கால்ல இறுக்கம்."

"முன்னாடியே ஸ்கேன்ல சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

தரணீதரன் படத்தை உறையில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். "எங்களுதுக்கும் இன்னிக்குச் சொல்லீட்டாங்க. ஊட்டுல அவ இன்னும் எந்திரிக்கலீங்க. இப்பச் சொல்ல வேண்டாம்னு எங்கம்மா சொல்றாங்க. கொஞ்ச நாள் போகட்டுமுங்களா? நீங்க என்ன பண்ணுனீங்க?"

சகாயராஜ் முன்பின் தெரியாத அந்த ஆளிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னான். எடை நாற்பது கிராம் என்று சொன்னதை, தலையாட்டியதை, சளி என்று சொன்னதை, கண்ணை மூடிப் படுத்திருந்ததை.

"இன்னைக்கே சொல்லிருங்க" என்றான். "இங்க கூட்டிட்டு வந்து டாக்டரம்மா எதுக்கவே சொல்லுங்க. ரெண்டு பேரா அழுதிருங்க."

அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

திரும்பி வரும் பஸ்ஸில் சகாயராஜ் ரோஸ்மேரியிடம் இதைச் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். உன்னை ஏமாத்திட்டேன்னு சொன்னேன்."

அவிநாசி வந்த பிறகு, "அவரு போயிச் சொல்லுவாரா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"சொல்லணும்" என்றாள் ரோஸ்மேரி. தூங்கிக்கொண்டிருந்த அரசியை மடியிலிருந்து தூக்கி அவன் மடிக்கு மாற்றினாள். கை வலித்ததால்கூட இருக்கலாம்.

அன்றிரவே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மறுநாள் காலை ஒரு காலுக்கு அவள், ஒரு காலுக்கு அவன் என்று பயிற்சி கொடுத்தார்கள். அவ்வளவுதான். ராத்திரிப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பழைய அளவுக்கு வரவில்லை. ஏதாவது ஒரு செய்தியை அவன் சொன்னால், அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அந்தப் பார்வை கடைசிவரை போகவில்லை. அதற்கு அவன் பழகிக்கொண்டான்.

அரசி ஒன்றரை வயதில் பேச ஆரம்பித்தாள். அதன் பிறகு நிறுத்தவேயில்லை. தாயின் வாய் அப்படியே வந்திருந்தது. மூன்று வயதில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு வயதில் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் உறை மாட்டி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு லைன் வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். எட்டு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். சாமியாத்தாள் எருமைக்குத் தண்ணீர் காட்டுவதை விட்டுவிட்டு வந்து நின்று அழுதாள். சகாயராஜ் அன்று பகல் ஷிஃப்டில் இருந்தான். அவன் அதைப் பார்க்கவில்லை.

2009 ஜூனில் அவளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். ரோஸ்மேரி மறுபடி கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சகாயராஜ் காலையில் வேலை முடிந்து வந்ததும் அரசியைக் கிளப்பிப் பள்ளியில் விடுவான்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அவன் அவள் காலில் உறையை மாட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். சாமியாத்தாளிடம் வளர்ந்த பிள்ளை; பேச்சு பாதி கொங்குப் பக்கம், பாதி தெற்கு.

"ஏனுங்கப்பா, என் கிளாஸ்ல நாப்பது பேர் இருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் கால் இப்படி?"

அவன் கை நின்றது. வளர்ந்ததும் தெரியும் மக்கா என்று சொல்லிவிடலாம். நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். அவன் தரையில் சரியாக உட்கார்ந்துகொண்டான்.

"நீ பொறக்க வேண்டிய நாளுக்கு முன்னாலயே பொறந்துட்ட. அப்போ உன் தலைக்குள்ள, காலுக்குச் சேதி கொண்டு போற இடத்துல, கொஞ்சம் ஓட்டை விழுந்துட்டு. அதனால கால் நீ சொல்றதைச் சரியாக் கேக்காது. அது உன் தப்பு இல்ல. யாரு தப்பும் இல்ல."

"ஓட்டை இன்னும் இருக்கா?"

"இருக்கும்."

"அது யாரு பாத்தாங்க?"

"டாக்டரம்மா. ஸ்கேன்ல. நான் பக்கத்துல நின்னேன்."

அரசி யோசித்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் சொல்லல. அம்மாவே போய்த் தெரிஞ்சுக்கிட்டா."

"ஏன் நீங்க சொல்லல?"

"பயமா இருந்துது."

"இப்ப என்கிட்ட சொன்னீங்க?"

"ஆமா."

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, வாக்கரைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இடது பக்கம் லூசா இருக்குங்கப்பா" என்றாள். "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க."